அல்பேர்ட் சுற்றிய பாட்டு

சிலாவத்தைக் கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டை யார் தொடங்குவது என்று ஒருவரும் கேட்பதில்லை. அல்பேர்ட் தொண்டையைக் கனைத்தால் இருபது பேரும் கயிற்றில் கையை வைத்துவிடுவார்கள். அவருடைய குரல் அப்படி. மேலே ஏறாது. ஏறவும் அவர் ஆசைப்பட்டதில்லை. கீழே, இன்னும் கீழே, மணலுக்கு அடியில் யாரோ உரலை உருட்டுகிற மாதிரி வரும். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். சொந்தமாக வள்ளம் இல்லை, பங்குக்குப் போகிறவர். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடுவார்கள். அது ஒன்றே அவருக்குச் சொத்து, காணி, சீதனம் எல்லாம்.

பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை மூன்று குரலில் பாடுவது அந்த ஊர்க் கோயிலின் வழக்கம். வரலாறு சொல்லுகிறவருக்கு உயர்ந்த குரல். பிலாத்து, பேதுரு, கூட்டத்துச் சனம் எல்லாருக்கும் நடுக்குரல். இயேசுவுக்கு மட்டும் அடிக்குரல். அல்பேர்ட்டின் தகப்பன் லத்தீனில் இயேசுவாகப் பாடினவர். லத்தீன் போய்த் தமிழ் வந்தபோது சொல் மாறியதே தவிர ராகம் மாறவில்லை. தகப்பனுக்குப் பிறகு அல்பேர்ட் பத்தொன்பது வருடம் பாடியிருந்தார். ஊரை விட்டு ஓடிப்போய்ப் புதுக்குடியிருப்பில் கிடுகுக் கொட்டிலுக்குள் பூசை நடந்த காலத்திலும் பாடினார். முதல் வருடம் பாடி முடித்து வெளியே வந்தபோதுதான் புனிதம், அப்போது இருபது வயதுப் பெண், தன் தமக்கையிடம் சொன்னாளாம்: "அந்தாளின்ரை குரல் இஞ்சை வந்து இருக்குதக்கா." நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினாளாம். அடுத்த வருடம் கலியாணம். இந்தக் கதையை அல்பேர்ட் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஊர் திரும்பிய பிறகு வந்த தவக்காலத்தில், அந்தப் பாட்டுக் கசற் வந்து சேர்ந்தது.

பாடகர் குழுவைப் பழக்குகிறவர் ஸ்ரெல்லா ரீச்சர். அவருடைய மச்சாள் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தாள். வவுனியாவில் சாமான்களைக் கொட்டிச் சோதித்த ஆமிக்காரர் சவர்க்காரத்தைக்கூட வெட்டிப் பார்த்தார்களாம். கசற்றின் மட்டையில் முழுக்க இங்கிலீசு என்றபடியால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மட்டையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரன். தாடி. கழுத்து, நல்ல தேக்கங்குற்றி மாதிரி.

"ஆர் ரீச்சர் இந்த மனுசன்?" என்று கேட்டார் அல்பேர்ட்.

"உங்கடை ஆள்தான் அல்பேர்ட் அண்ணை. அடிக்குரல் பாடகர். இத்தாலி நாட்டுக் கூத்துப் பாட்டுகளாம். மேடையிலை உடுப்புப் போட்டு ஆடிப் பாடுற கூத்து. ஆனா இவர் இங்கிலீசிலை பாடுறார்."

"இத்தாலிக்காரன்ரை பாட்டை ஏன் இங்கிலீசிலை பாடுவான்?"

"கேக்கிற சனத்துக்கு விளங்க வேணுமெல்லே. நாங்களும் லத்தீனை விட்டுட்டுத் தமிழிலைதானே பாடுறம்?"

"அப்ப எங்களுக்கு விளங்கவெண்டு ஒருக்காத் தமிழிலை பாடச் சொல்லுங்கோவன்," என்றான் வின்சன். இருபத்தாறு வயது. பாடுகளில் வரலாறு சொல்லுகிற உயர்ந்த குரல் அவனுடையது. வாயும் அப்படித்தான்.

கோயிலில் றேடியோவோடு சேர்ந்த ஒரு பழைய ரேப் றெக்கோடர் இருந்தது. இடம்பெயர்ந்த ஓட்டத்தில் கசற் ஒன்றும் மிஞ்சவில்லை. றெக்கோடர் மட்டும் சாக்கில் சுற்றியபடி திரும்பி வந்திருந்தது, செய்தி கேட்பதற்கு. பற்றரிக்குத் தடை, கண்ணால் கண்டு ஏழெட்டு வருடம். எல்லா வீட்டையும் போலச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் றேடியோ கேட்பது. ஊரில் நல்ல டைனமோ அல்பேர்ட்டின் சைக்கிளில் இருந்தது. நல்ல கையும் அவருடையதுதான்.

அன்று பின்னேரம் பாடல் பழக்கத்துக்கு வந்தவர்கள் கோயில் விறாந்தையில் இருக்க, அல்பேர்ட் சைக்கிளைக் கவிழ்த்தார். கசற் போட்டார்கள். றேடியோவுக்குச் சுற்றுகிற அளவிலேயே அவர் பெடலைச் சுற்றினார். முதலில் பியானோ. பிறகு அவன் வாயைத் திறந்தான்.

பாட்டுக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் புரட்டுவதை நிறுத்தினார்கள்.

அல்பேர்ட்டுக்கு முதலில் விளங்கவில்லை. மனிதக் குரல் அவ்வளவு கீழே போகும் என்று அவர் நினைத்ததில்லை. தான் நின்று மூச்சு விடுகிற இடத்துக்கும் கீழே இன்னும் இரண்டு படி இருப்பதையும், அந்தப் படியில் ஒருவன் வலு சாதாரணமாக உலாவிக்கொண்டிருப்பதையும் கேட்டார். குரல் லேசாக ஆடியது, பாரம் ஏற்றின தோணி மாதிரி. ஸ்ரெல்லா ரீச்சர் மெல்லச் சொன்னார்: "இது ஒரு சிறைக்காவலன். தான் பூட்டி வைச்சிருக்கிறவன் தன்ரை தம்பியெண்டு இப்பதான் தெரிஞ்சிருக்கு. திறக்கவும் ஏலாது, போகவும் ஏலாது."

"கடலுக்கு அடியிலையிருந்து வாறமாதிரிக் கிடக்குது," என்றான் வின்சன். அவன் பகிடி விடாமல் ஒரு வசனம் பேசியதை அல்பேர்ட் அன்றுதான் கேட்டார்.

மற்றவர்களைப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் இருந்த புனிதத்தைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

அந்த நேரத்திலிருந்து அவருக்குப் பெடலைச் சுற்ற மனமில்லாமல் போயிற்று. றேடியோவில் என்றால் மெதுவாகச் சுற்றினால் சத்தம் அடங்கிவிடும். இவனும் கொஞ்சம் அடங்கட்டும் என்று கையைத் தளர்த்தினார். அவன் அடங்கவில்லை. இன்னும் கீழே இறங்கினான். சனம் "ஆ" என்றது.

வீட்டுக்கு வந்ததும் புனிதம் இரவுச் சமையலைத் தொடங்கினாள். குசினிக்குள் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அந்த மனுசன்ரை குரல், இஞ்சேருங்கோ, இஞ்சை வந்து இருக்குது."

கை நெஞ்சுக்குழியில்.

"நீ இதை வேறை ஆரையோ பற்றிச் சொன்னனியல்லோ?" என்றார் அல்பேர்ட்.

"எதை?"

"ஒண்டுமில்லை. சோத்தைப் போடு."

அதற்குப் பிறகு கிழமையில் இரண்டு நாள் அந்தக் கசற் பாடியது. சனம் பாடல் பழகவென்று வந்து கசற் கேட்டுவிட்டுப் போயிற்று. ஒவ்வொரு தரமும் சுற்றினவர் அல்பேர்ட். வேறு யாரிடமும் சைக்கிளைக் கொடுக்கவும் அவருக்கு மனமில்லை, தானே சுற்றவும் மனமில்லை. எதிரியின் வள்ளத்துக்குத் தானே துடுப்புப் போடுகிற நிலைமை. கரையில் அம்பா தொடங்கும்போது தன் குரல் தன் காதுக்கே தகரப்பேணி மாதிரிக் கேட்கத் தொடங்கியது. கடலில் தனித்திருக்கும்போது அவனைப் போல இறங்கிப் பார்த்தார். தொண்டையில் காற்றுத்தான் வந்தது. கூட வந்தவன், "என்ன அண்ணை, வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதோ?" என்று கேட்டான்.

மூன்றாம் கிழமை, பாடுகள் பழகத் தொடங்கிய அன்று, ஸ்ரெல்லா ரீச்சர் ஆர்மோனியத்தில் வழக்கமான சுருதியைப் பிடித்தார்.

"இரண்டு கட்டை இறக்குங்கோ ரீச்சர்," என்றார் அல்பேர்ட்.

"ஏன் அண்ணை? பத்தொன்பது வருசமா இதிலைதானே..."

"இறக்குங்கோ. கீழையெண்டா எப்பிடியெண்டு சனம் இப்பதானே கேட்டிருக்கு."

ரீச்சர் இறக்கினார். தோட்டத்தில் சேவகர் வந்து நிற்கிற இடம். ஆண்டவர் அவர்களைப் பார்த்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அல்பேர்ட் கேட்டார். முதல் சொல் வந்தது. இரண்டாவது சொல்லில், வள்ளத்தை ஈர மணலில் இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு. மூன்றாவதில் அதுவும் இல்லை, வாய் மட்டும் அசைந்தது.

"சேவகருக்குக் காது கேக்கேல்லையாம், ஆண்டவரே," என்றான் வின்சன்.

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. ஸ்ரெல்லா ரீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார். அல்பேர்ட் புனிதத்தின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் சிரிக்கவில்லை என்பது தெரிந்திருக்கும்.

"அப்ப நீயே பாடு," என்று வின்சனிடம் சொன்னார். "இந்த வருசம் நான் பாடேல்லை. ரீச்சர், எழுதி வையுங்கோ. இயேசு வின்சன்."

"அண்ணை, பகிடிக்குச் சொன்னது..."

"நானும் பகிடிக்குச் சொல்லேல்லை."

சைக்கிளைக்கூட எடுக்காமல் நடந்து போனார்.

இரண்டு கிழமை அவர் பழக்கத்துக்குப் போகவில்லை. புனிதம் ஒருநாள் கேட்டாள்: "தொண்டை நோகுதே?" "இல்லை." "அப்ப?" "நோ இருக்கிற இடம் வேறை." பழக்கத்தில் வின்சன் இயேசுவாகப் பாடுகிறான், ஸ்ரெல்லா ரீச்சரே வரலாறு சொல்லுகிறார் என்று மட்டும் சொன்னாள். அவன் எப்படிப் பாடுகிறான் என்று கேட்க அல்பேர்ட்டின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, நல்ல உச்சி வெயில். ஊர் சாப்பிட்டுச் சரிந்திருந்த நேரம். அல்பேர்ட் கோயிலுக்குப் போனார். பீடத்துக்குப் பின்னாலுள்ள சக்கிறிஸ்தி அறையின் திறப்பு அவரிடம் ஒன்று எப்போதும் இருக்கும், மணி அடிக்கிறவர் என்ற முறையில். பூசை உடுப்பு இருக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டில் றெக்கோடரும் கசற்றும் இருந்தன.

என்ன செய்ய வந்தோம் என்று அவருக்குத் தெளிவாகவே தெரியும். கசற்றுக்குள் பெருவிரலைக் கொடுத்து நாடாவை ஒரு இழுவை. வலையில் சிக்கின, ஒன்றுக்கும் உதவாத பேத்தை மீனைப் பிய்த்து எறிகிற மாதிரி. பெரிய வெள்ளிக்கு முன் அவன் வாய் மூடிவிடும். எலி இழுத்தது என்று சொன்னால் போகிறது.

கசற்றைக் கையில் எடுத்தார். தாடிக்காரன் அவரைப் பார்த்தான்.

"ஒருக்கா, கடைசியா," என்று அவனிடமே சொன்னார். "அந்தக் கீழ் இடத்தை ஒருக்காக் காட்டிப்போட்டுச் சா."

சைக்கிள் அங்கேயே மூலையில் நின்றது. கவிழ்த்தார், வயரைப் பூட்டினார், பெடலைப் பிடித்தார். இந்தத் தரம் மனமில்லாத கை அல்ல. கோபக் கை. இரண்டு கிழமை சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் பெடலில் போட்டுச் சுற்றினார்.

பியானோ குருவி மாதிரிக் கத்தியது. அவன் வாயைத் திறந்தான்.

வந்தது ஒரு பொடியனின் குரல்.

அல்பேர்ட் திகைத்துக் கையை விட்டார். சில்லு தன் பாட்டில் சுழன்று மெலிய மெலிய, பொடியன் வாலிபனாகி, வாலிபன் கிழவனாகி, கிழவன் கடலுக்கு அடியில் போய் நின்றான். மறுபடி சுற்றினார். கடலுக்கு அடியிலிருந்து ஏறி வந்தான். விட்டார், இறங்கினான். சுற்றினார், ஏறினான். உச்சி வெயிலில், பூசை உடுப்புகளுக்கு நடுவில், அல்பேர்ட் தனியே நின்று சத்தம் போட்டுச் சிரித்தார்.

"அட கள்ளா," என்றார். "நீ இறங்கினது என்ரை கையாலையோ!"

நாடாவை இழுக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இதைவிட நல்ல சாவு அவனுக்குக் கிடைத்துவிட்டது. சாகிறதை எல்லாரும் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை பின்னேரம் கடைசிப் பழக்கம். அல்பேர்ட் முன்னுக்கே போய்ச் சைக்கிளைக் கவிழ்த்துவிட்டு நின்றார். வின்சன் எழும்பி வந்தான். "அண்ணை, அண்டைக்குச் சொன்னதுக்கு..."

"அதை விடு. இரு. எல்லாரும் இருங்கோ. உங்கடை கடலுக்கடி மகாராசாவைக் கொஞ்சம் கேளுங்கோ."

சுற்றினார். வலை இழுத்த கை, விட்டுக்கொடுக்கவில்லை. சிறைக்காவலன் கீச்சுக்குரலில் தம்பியை நினைத்து அழுதான். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு பின்னால் இருந்த ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாரும். வின்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணோடு சாய்ந்தான். "ஐயோ அண்ணை, காவலனுக்கு ஆரோ கிச்சுக்கிச்சு மூட்டுறாங்கள்!" என்றான். அல்பேர்ட் வியர்வையோடு நிமிர்ந்து, கையை மெதுவாக்கி, அவன் எப்படி இறங்குகிறான் என்பதையும் காட்டினார். "பாத்தியளே? மெதுவாச் சுத்தினா ஆழம். கெதியாச் சுத்தினா குஞ்சு. இவ்வளவுதான் இவன். இதுக்கோ கண்ணை மூடினனீங்கள்?" கடைசி வசனத்தைப் புனிதத்தின் பக்கம் பார்த்தே சொன்னார்.

புனிதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் தனியப் போட்டுப் பாத்தது எப்ப?" என்று கேட்டாள்.

"சும்மா... நேற்று."

"என்னத்துக்கு?"

அல்பேர்ட் வயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார்.

இதற்கிடையில் ஸ்ரெல்லா ரீச்சர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கசற்றின் மட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். "அல்பேர்ட் அண்ணை, ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலையும் நேரம் போட்டிருக்கு. இது நாலு நிமிசம் பன்னிரண்டு செக்கன். நீங்கள் இப்ப கெதியாச் சுத்தினமாதிரியெண்டா மூண்டிலை முடிஞ்சிடும். முந்திச் சுத்தினது அஞ்சுக்கு மேலை வந்திருக்கும். இரண்டும் அவரில்லை." கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றினார். "நாலு பன்னிரண்டுக்குச் சுத்துங்கோ."

"இனி என்னத்துக்கு ரீச்சர்?"

"அந்த மனுசனும் பாவமெல்லே. ஒருக்கா அவர் பாடினமாதிரிக் கேப்பம்."

முதல் தரம் நாலரை. இரண்டாம் தரம் மூன்று ஐம்பது. ரீச்சர் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் கூட... போதும்... இதே அளவு" என்று சொல்லச் சொல்ல, அம்பாவுக்குக் கயிறு இழுக்கிற கணக்கில் அல்பேர்ட் வாய்க்குள் எண்ணிக்கொண்டு சுற்றினார். மூன்றாம் தரம் கை சமனாகப் போயிற்று.

குரலில் இருந்த ஆட்டம் நின்றது. அது இத்தனை நாளும் அல்பேர்ட்டின் கையின் ஆட்டம். பொடியனும் இல்லை, கடலுக்கடி மகாராசாவும் இல்லை. ஒரு மனிதன். ஐம்பது வயது இருக்கும். அவன் நின்ற ஆழம் அல்பேர்ட்டுக்குத் தெரிந்த ஆழம். தான் ஒவ்வொரு நாளும் நிற்கிற அதே படி. ஒரு அங்குலம்கூடக் கீழே இல்லை.

அல்பேர்ட்டின் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. வந்துகொண்டிருக்கும்போதே பாட்டு முடிவுக்கு வந்தது. காவலன் தம்பியின் பெயரைச் சொல்லுகிற கடைசி இடம். சத்தத்தைக் கூட்டுவான் என்று அல்பேர்ட் காத்திருந்தார், தான் என்றால் அப்படித்தான் செய்வார். அவன் கூட்டவில்லை. குறைத்தான். உடையாமல், நடுங்காமல், மூச்சு எங்கே எடுத்தான் என்று தெரியாமல், விளக்குத் திரியை இறக்குகிற மாதிரி இறக்கி இறக்கி, எந்த இடத்தில் பாட்டு நின்றது, எந்த இடத்தில் அமைதி தொடங்கியது என்று சொல்ல முடியாத இடத்தில் கொண்டுபோய் விட்டான்.

ரீச்சர் மணிக்கூட்டைப் பார்க்க மறந்துபோனார்.

புனிதம் இந்தத் தரம் கண்ணையும் மூடவில்லை, நெஞ்சையும் தொடவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அல்பேர்ட்டுக்கு அவள் முன்பு சொன்னதைவிட இந்தப் பேசாமை பத்து மடங்கு சுட்டது. முந்தி அவன் பிசாசு மாதிரி. பிசாசோடு மனிதன் போட்டி போடத் தேவையில்லை. இப்போது அவன் பக்கத்து வீட்டுக்காரன். அதே உயரம், அதே கை, அதே வலை. மீன் மட்டும் அவன் வள்ளத்தில்.

"ரீச்சர்," என்றார், பெடலை விட்டு எழும்பாமலே. "இயேசுவை எனக்குத் தருவியளோ?"

ரீச்சர் வின்சனைப் பார்த்தார்.

"தாராளமா எடுங்கோ அண்ணை!" என்றான் வின்சன். "இரண்டு கிழமையா நான் இருமிக்கொண்டு திரியிறன். அந்தச் சிலுவையை நீங்களே சுமவுங்கோ."

"பழைய சுருதி ரீச்சர். இரண்டு கட்டையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

பெரிய வெள்ளி மூன்று மணி. பாதி ஓடும் பாதிக் கிடுகுமாய் இருந்த கோயிலுக்குள் சனம் நெருங்கி நின்றது. வின்சன் வரலாறு சொன்னான். அல்பேர்ட் தன் படியில் நின்றே பாடினார். சேவகரைக் கேட்டார், பிலாத்துவுக்குப் பதில் சொன்னார், சிலுவையிலிருந்து தாயை ஒப்படைத்தார். பத்தொன்பது வருடமும் கடைசி வசனத்தைக் கோயில் ஓடு அதிரப் பாடினவர். அதைக் கேட்கவென்றே அலம்பிலிலிருந்து ஆட்கள் வருவார்கள். இந்த வருடம் அவர் அதைக் கூட்டவில்லை. இறக்கினார். இறக்கி, இன்னும் இறக்கி, முடியப்போகிற இடத்துக்கு ஒரு முழம் முன்னால் குரல் உடைந்தது.

சனம் முழங்காலில் விழுந்தது. பெண்கள் பக்கத்தில் விம்மல் கேட்டது. உடைந்ததை அவர்கள் ஆண்டவருடையது என்று எடுத்துக்கொண்டார்கள். அல்பேர்ட்டுக்கு மட்டும் அது யாருடையது என்று தெரியும்.

வீட்டுக்குப் போகும் வழியில் புனிதம் சொன்னாள்: "இவ்வளவு காலமும் பாடினதிலை இண்டைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது."

"ஒரு இடத்திலை உடைஞ்சது."

"தெரியும்."

"அவன் உடைச்சிருக்க மாட்டான்."

"ஆர்?"

"ஆரெண்டு உனக்குத் தெரியும்."

புனிதம் சிரித்தாள். அவள் அவரைப் பார்த்து அப்படிச் சிரித்துக் கன நாள். அதற்கு அவர் சந்தோசப்பட்டிருக்கலாம். ஆனால் மனம் அந்த ஒரு முழத்திலேயே நின்றது.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த மறுநாள், ஸ்ரெல்லா ரீச்சர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. அல்பேர்ட். ரீச்சர் வாங்கோ என்று சொல்லும்முன்பே முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, கோயில் றெக்கோடரையும் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"ரீச்சர், அந்தக் காவலன்ரை கடைசி இடத்தை மட்டும் போடுங்கோ. மணிக்கூட்டையும் கொண்டு வாங்கோ."

போட்டார். அல்பேர்ட் எண்ணி எண்ணிச் சுற்றினார், தலையைச் சரித்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார். அதுவும் முடிந்தது. "இன்னொருக்கா." ஐந்தாம் தரம் நாடாவைத் திருப்பும்போது ரீச்சர் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எத்தினை தரமண்ணை கேக்கப்போறியள்?"

அல்பேர்ட் பெடலில் கையை வைத்தார்.

"அவன் ஒரு பிழை விடுமட்டும்."